ஆண்களை விரும்பும் ஆணைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது?

செய்தி எழுதுகிறவர், மொழிபெயர்ப்பாளர், வசனவரி போடுகிறவர், பள்ளி ஆலோசகர், மருத்துவமனைத் துண்டறிக்கை தயாரிப்பவர் என எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். அகராதியில் ஒரு சொல் இருக்கும், பத்திரிகையில் வேறு சொல், அரசிதழில் இன்னொன்று. அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இது எதுவாகவும் இருக்காது. எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததை எழுதினால், படிக்கிற ஒரு பையன் அந்த வரியில் தன்னைக் குற்றவாளியாகவோ நோயாளியாகவோ காண்கிறான். இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, எதைச் சுட்டுகிறது, எங்கே இடறும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் சோதனை: செயலா, ஆளா?

எந்தச் சொல்லை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது ஒருவர் செய்வதைச் சொல்கிறதா, அவர் யார் என்பதைச் சொல்கிறதா?

‘ஓரினச்சேர்க்கை’ இங்கே தோற்றுப்போகிறது. சேர்க்கை என்றால் கூடுதல், புணர்தல். அதை ஆளோடு ஒட்டி ‘ஓரினச்சேர்க்கையாளர்’ ஆக்கும்போது படுக்கையறைச் செயலே அவருடைய பெயராகிவிடுகிறது. பெண்ணை விரும்பும் ஆணை யாரும் ‘வேற்றினச்சேர்க்கையாளர்’ என்று எழுதுவதில்லை. பக்கத்து பெஞ்சுப் பையனை மனசுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் வாய் திறக்காமல் இருக்கும் பதினாறு வயதுக்காரனும், இருபது ஆண்டு ஒருவரோடு குடும்பம் நடத்தித் துணையைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே இருக்கும் பெரியவரும் எந்தச் சேர்க்கையிலும் இல்லை. ஈர்ப்பு மட்டும் இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் பொருந்தாத சொல், சொல்லவந்த பொருளுக்கே பொருந்தாத சொல்.

அதில் இன்னொரு கோளாறு ‘இனம்’. மனித இனம், விலங்கினம் என்று வகையைக் குறிக்கும் சொல் அது. இலங்கைத் தமிழில் இனம் என்றதும் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பிரிவுதான் முதலில் நினைவுக்கு வரும். எழுத்தெண்ணிப் பொருள் கொண்டால், ஓரினச்சேர்க்கை என்பது மனிதர் மனிதரோடு சேர்வது. அதில் எல்லோருமே அடங்கிவிடுவார்கள். சொல்ல வேண்டியது இனத்தை அல்ல, ஆண்பால் பெண்பால் என்ற பாலை.

இந்தச் சொல் இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லையே 1868இல் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர்தான் ஜெர்மன் மொழியில் உருவாக்கினார். ஆணும் ஆணும் கூடுவதைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து 1869இல் அவர் வெளியிட்ட துண்டுநூல்களில் அது அச்சேறியது. மனிதரைக் காப்பாற்றப் பிறந்த சொல்லை மருத்துவம் எடுத்துக்கொண்டு நோயின் பெயராக்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது 1973இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். தமிழுக்கு அந்தச் சொல் வந்தது மருத்துவ வாசல் வழியாகவும் சட்ட வாசல் வழியாகவும். இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் 377ஆம் பிரிவில் வைத்த ‘இயற்கைக்கு மாறான’ என்ற தொடர் அப்படியே நம் செய்தித்தாள் நடைக்குள் புகுந்து நூறாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ஆகவே ‘இயற்கைக்கு மாறான உறவு’ என்று நீங்கள் இன்று எழுதினால், அது உங்கள் சொல் அல்ல. காலனியச் சட்டத்தின் சொல். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. சட்டம் கைவிட்ட தொடரைச் செய்தி எழுதுகிறவர் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ‘ஓரினச்சேர்க்கை’யை எங்குமே எழுதக்கூடாதா? எழுதலாம். பழைய தீர்ப்பையோ பழைய கட்டுரையையோ மேற்கோள் காட்டும்போது அப்படியே விடுங்கள். திருத்தினால் வரலாறு பொய்யாகும். தன்னை அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்ளும் மூத்தவர் ஒருவரின் பேட்டியிலும் அவர் சொன்னபடியே போடுங்கள். அவர் அந்தச் சொல்லோடுதான் வாழ்ந்திருக்கிறார். சென்னையில் 2003இல் தொடங்கிய ஒரு குழு, பின்னர் ‘ஓரினம்’ என்று பெயர் வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். சேர்க்கையை வெட்டிவிட்டு, ‘நாமெல்லாம் ஓரினம்’ என்ற பொருளைப் பழைய சொல்லின் பாதியிலிருந்தே எடுத்தார்கள். ஒரு சொல் கைமாறுவது இப்படித்தான்.

தன்பாலீர்ப்பு: எழுதும் முறை

இன்று தமிழ்நாட்டில் எழுத்துக்குப் பொருத்தமான பொதுச்சொல் ‘தன்பாலீர்ப்பு’ அல்லது ‘தன்பாலின ஈர்ப்பு’. பாதுகாப்புக் கேட்டு வந்த பெண் இணையரின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவுக்குப் பிறகு சொற்களின் பக்கம் கவனம் கூடியது. குயர் சென்னை க்ரோனிக்கிள்ஸ் என்ற இலக்கிய அமைப்பும் தி நியூஸ் மினிட் என்ற செய்தித்தளமும் சேர்ந்து ஊடகங்களுக்கான சொற்பட்டியலை வெளியிட்டன. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எழுதும் மேசையில் அதன் ஒரு படி இருப்பது நல்லது. ஆனால் பட்டியலைப் பார்த்து ஒட்டினால் மட்டும் வாக்கியம் சரியாகிவிடாது. இந்தச் சொல்லுக்கு என்றே சில வழுக்கல்கள் இருக்கின்றன.

முதல் வழுக்கல் இடைவெளி. ‘தன்பால்’ என்றால் தமிழில் ‘தன்னிடம்’ என்றும் பொருள். ‘பேச்சாளர் அவையோரைத் தன்பால் ஈர்த்தார்’ என்பது மேடைதோறும் கேட்கும் வாக்கியம். அதனால் ‘தன்பால் ஈர்ப்பு’ என்று பிரித்து எழுதினால், தன்மீதே ஈர்ப்பு என்றோ, பிறரைத் தன்னிடம் ஈர்ப்பது என்றோ வாசகர் தடுமாறுவார். சேர்த்து ‘தன்பாலீர்ப்பு’ என்று எழுதுங்கள். வாசகருக்குப் பழக்கமில்லாத சொல் என்று தோன்றினால், முதல் இடத்தில் ‘தன்பாலின ஈர்ப்பு’ என்று எழுதுங்கள்; ‘பாலின’ என்று வந்ததும் பொருள் தெளிந்துவிடும். அடுத்த இடங்களில் சுருக்கமான வடிவத்துக்கு மாறலாம்.

இரண்டாவது, புணர்ச்சி. பழைய இலக்கணப்படி தன் + பெருமை ‘தற்பெருமை’ ஆவதுபோல் தன் + பால் ‘தற்பால்’ ஆகும். ‘தற்பாலின ஈர்ப்பு’ என்று எழுதும் ஊடகங்களும் உண்டு, பிழையில்லை. ஆனால் தற்காலம், தற்போது என்று பழகிய கண்ணுக்குத் ‘தற்’ என்றால் ‘இப்போதைய’ என்று படுகிறது. நாங்கள் ‘தன்’ பக்கமே நிற்போம். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

மூன்றாவது, விகுதி. ‘தன்பாலீர்ப்பாளர்’ பரவலாகிவிட்டது, கையாளவும் எளிது: 9 எழுத்து. ஓரினச்சேர்க்கையாளருக்கு 11. தலைப்புக்கும் வசனவரிக்கும் இந்த இரண்டு எழுத்து பெரிய வேறுபாடு. ஆனால் ‘ஈர்’ என்பது செயப்படுபொருள் குன்றாத வினை. ஈர்ப்பவர் என்றால் இழுப்பவர். ‘ஈர்ப்பாளர்’ என்பதில் அந்த நிழல் கொஞ்சம் விழுகிறது. கட்டுரையின் உடலில் ‘தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்’ என்றும், தலைப்பில் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்றும் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். ‘தன்பாலீர்ப்பு உள்ளவர்’ வேண்டாம். ‘சர்க்கரை நோய் உள்ளவர்’, ‘ரத்தக்கொதிப்பு உள்ளவர்’ என்று மருத்துவச் சீட்டில் கேட்டுப் பழகிய அமைப்பு அது. ‘கொண்ட’ அந்த வாடை இல்லாதது.

நான்காவது, பாதித் திருத்தம். ‘தன்பாலினச் சேர்க்கையாளர்’ என்று இப்போது நிறையப் பார்க்கிறோம். முன்பாதியைப் புதுப்பித்துவிட்டுப் பின்பாதியில் பழைய செயலையே வைத்திருக்கும் சொல் இது. மாற்ற வேண்டியது ‘சேர்க்கை’தான். கணினியில் மொத்தமாகத் தேடி மாற்றும்போது இந்த விபத்து நேர்கிறது.

ஐந்தாவது, ஆண் என்பதைச் சொல்ல மறப்பது. தன்பாலீர்ப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கட்டுரை ஆண்களைப் பற்றியது என்றால் ‘தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள்’ என்று ஒருமுறையாவது தெளிவாகச் சொல்லுங்கள். ‘பால்புதுமையர்’ என்பது ‘குயர்’ என்பதற்கான சொல்; பாலினத்திலும் பாலீர்ப்பிலும் வழக்கமான வரையறைக்குள் அடங்காத எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் குடைச்சொல். ஒரு ஆணை மட்டும் குறிக்க அதைப் போட்டால் மரத்தைக் காட்டக் காட்டைக் காட்டியதுபோல் ஆகும்.

ஒட்டிவரும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘பாலீர்ப்பு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பாலியல் விருப்பம்’ என்று எழுதினால், கடையில் சட்டை தேர்ந்தெடுப்பதுபோல் இது ஒரு தேர்வு என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘பழக்கம்’ இன்னும் மோசம்; குடிப்பழக்கத்தின் வரிசையில் கொண்டுபோய் வைக்கிறது. பழக்கம் என்று எழுதினால் அடுத்த வரியில் ‘விடுபட’ என்று தானாகவே வந்துவிடும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்துவிட்டது. அதைப் பற்றி எழுதும்போது ‘மாற்றுச் சிகிச்சை’ என்று எழுதாதீர்கள், சித்தா ஆயுர்வேதம் என்று படிப்பார்கள். ‘பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சை’ என்று நீட்டியே எழுதுங்கள்.

கே, நம்பி, மகிழ்வன்

நகரத்தில் இளைஞர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் ‘கே’ (gay) தான். அதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் கூச்சமே வேண்டாம். ஒற்றை எழுத்தாக நிற்பதால் வரியில் தொலைந்துபோகும் என்பது மட்டுமே குறை. ‘கே ஆண்’, ‘கே இளைஞர்’ என்று துணைச்சொல்லோடு எழுதுங்கள், அல்லது ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ‘கேக்கள்’ என்று பன்மை போட்டால் பேக்கரிப் பலகைபோல் தெரியும். ‘கே ஆண்கள்’ போதும்.

ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு ‘மகிழ்வன்’ என்று ஒரு ஆக்கம் இணையத்தில் உலவுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் மகிழ்ச்சியிலிருந்து இந்தப் பொருளுக்கு வர நீண்ட காலம் நடந்திருக்கிறது. தமிழில் மகிழ்ச்சி அந்த வழியில் நடக்கவே இல்லை. அதனால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘நம்பி’ அழகான சொல், ஆடவரில் சிறந்தவன் என்று பொருள். ஆனால் நெல்லைப் பக்கம் தெருவுக்கு ஒரு நம்பி இருப்பார். திருக்குறுங்குடிப் பெருமாளே நம்பிதான். போதாததற்குத் ‘திருநம்பி’ என்பது பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு நிலைத்துவிட்ட சொல். கவிதையில் வையுங்கள். துண்டறிக்கையில் வேண்டாம்.

கோத்தி, பந்தி, எம்.எஸ்.எம்.

ஆங்கிலம் படிக்காத, சிற்றூர்களிலிருந்து வந்த, பெண்மைச் சாயல் உடைய ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் சொல் ‘கோத்தி’. அவர்கள் நாடும் ஆண்மைத் தோற்றமுடைய ஆணைப் ‘பந்தி’ என்பார்கள். பந்தி என்று சொல்லப்படுபவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்வது அரிது. பெரும்பாலும் அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு பெயரே இருக்காது. கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கலாம். இரண்டு விதமாகவும் இருப்பவரை ‘டபுள் டெக்கர்’ என்பார்கள். இவை வெறும் வழக்குச்சொற்கள் அல்ல, யார் யாரோடு எப்படி என்பதைப் பற்றிய முழு அமைப்பு. ‘கே’ என்ற சொல் இருவரையும் ஒரே பெயரில் அடக்குகிறது. கோத்தி-பந்தி முறை இருவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது. ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க முடியாது. கோத்தி என்று தன்னைச் சொன்னவரைக் ‘கே’ என்று எழுதினால் அவர் வாழ்வின் பாதி விடுபட்டுப்போகும். கோத்திகளில் சிலர் பின்னாளில் திருநங்கையாக வாழ்வதுண்டு, பலர் அப்படியில்லை. அவரே சொன்னாலொழிய இரண்டையும் இணைக்காதீர்கள்.

இது உள்வட்டச் சொல். பேட்டியில், ஆய்வில், கதையில் வரலாம், உடனே ஒரு வரி விளக்கமும் வர வேண்டும். தலைப்பில் வைக்கக்கூடாது. பல ஊர்களில் இது ஆளைக் காப்பாற்றும் ரகசியச் சொல்லாக இன்னும் இருக்கிறது. ஊரையும் தெருவையும் சேர்த்து அச்சிட்டால் யாரோ ஒருவர் அடிவாங்குவார்.

எய்ட்ஸ் தடுப்புப் பணி 1990களில் கொண்டுவந்த சொல் ‘எம்.எஸ்.எம்.’: ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்கள். சென்னையில் 1998இல் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் களத்தில் இறங்கியபோது இந்தச் சொல் மிகவும் உதவியது. தன்னை எந்தப் பெயராலும் அழைக்காதவருக்கும் ஆணுறையும் பரிசோதனையும் போய்ச்சேர வேண்டும் அல்லவா? அதற்கு அடையாளத்தை விட்டுவிட்டுச் செயலை மட்டும் சொல்லும் சொல்தான் தேவை. முதல் சோதனையில் சேர்க்கையைக் குறைசொன்னோம்; நோய்த்தடுப்பு அறிக்கையில் செயலைச் சொல்வதே சரி. காதலைப் பற்றிய கட்டுரையில் ‘எம்.எஸ்.எம். இளைஞர்’ என்று எழுதினால் மட்டும் அபத்தம்.

பழைய சொற்களும் வசைகளும்

பழைய இலக்கணங்களிலும் அவற்றின் உரைகளிலும் பேடு, பேடி, அலி என்று வருகின்றன. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடு. இவற்றைக் காட்டி ‘தமிழில் அன்றே கே ஆணுக்குச் சொல் இருந்தது’ என்று எழுதுகிறவர்கள் நல்லெண்ணத்தில் தவறு செய்கிறார்கள். இந்தச் சொற்கள் ஆண்மை பெண்மை பிறழ்வதைப் பற்றியவை. யார்மீது ஈர்ப்பு என்பதைப் பற்றி அவை பேசவில்லை. பாலின அடையாளம் ஒன்று, பாலீர்ப்பு வேறு. திருநங்கை ஒரு பெண். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் ஒரு ஆண். ‘மூன்றாம் பாலினம்’ என்ற சொல்லை இவருக்குப் போடவே கூடாது.

நம் தெருவின் வசைகளும் இதே வழியில் வந்தவைதான். ஒன்பது, பொட்டை, அலி எல்லாமே ‘நீ முழு ஆண் இல்லை’ என்று குத்துபவை. நடை கொஞ்சம் நளினமாக இருந்தால் போதும், பெண்ணை விரும்பும் பையனுக்கும் அந்தப் பெயர் விழும். ஈர்ப்பைக் குறிவைத்த வசைகள் பிந்தி வந்தவை: ‘ஹோமோ’, பிறகு திரைப்பட நகைச்சுவையிலிருந்து வகுப்பறைக்குப் பரவிய ‘அவனா நீ’. ஒரு வெறும் சுட்டுப்பெயரும் முன்னிலைப் பெயரும் சேர்ந்து, குரலை இழுத்த விதத்தாலேயே வசையாகிவிட்டன. அகராதியில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் ஆசிரியர்களிடம் ‘அவன் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லலையே’ என்று தப்பிக்க முடிகிறது.

பள்ளிக் கொடுமையைப் பற்றி எழுதும்போது இவற்றைப் புள்ளி வைத்து மறைக்காதீர்கள். எந்தச் சொல் என்று தெரியாவிட்டால் பெற்றோருக்குப் பிள்ளை கேட்டது எட்டாது. ஒரே ஒருமுறை, மேற்கோளுக்குள், யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்பதோடு எழுதுங்கள். தலைப்பில் வேண்டாம். திருப்பித் திருப்பியும் வேண்டாம். இந்தச் சொற்களைத் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. அந்த உரிமை வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு இல்லை.

குற்றச் செய்தி: அதிகம் தவறு நடக்கும் இடம்

ஒரு மாதிரித் தலைப்பை எடுத்துக்கொள்வோம்: ‘ஓரினச்சேர்க்கைக்கு அழைத்து வாலிபரிடம் நகை பறித்த கும்பல்’. நடந்தது என்ன? சந்திப்புச் செயலியில் ஒருவரோடு பழகி, தனியிடத்துக்கு வரவழைத்து, அடித்து நகையைப் பிடுங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். குற்றம் வழிப்பறியும் மிரட்டலும். தலைப்பிலோ முதல் சொல்லாகப் பாதிக்கப்பட்டவரின் ஆசை நிற்கிறது. படிப்பவர் ‘இவனுக்கு வேணும்’ என்று பக்கத்தைத் திருப்புவார். அதே ஊரில் இதே வலையில் சிக்கிய அடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போக மாட்டார். கும்பல் நம்பியிருப்பதும் இந்த மௌனத்தைத்தான்.

இப்படி மாற்றுங்கள்: ‘செயலியில் பழகி வரவழைத்து நகை பறிப்பு: 4 பேர் கைது’. செய்தியின் உடலில், மிரட்டலின் தன்மையை விளக்க வேண்டியிருந்தால் மட்டும் ‘அவருடைய பாலீர்ப்பைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டியுள்ளனர்’ என்று ஒரு வரி. பெயர், தெரு, வேலை பார்க்கும் இடம், மனைவியின் பெயர் எதுவும் வேண்டாம். மூன்று தகவல் சேர்ந்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். ‘ஈடுபட்டார்’ என்ற வினையையும் விடுங்கள். கொள்ளையில், கடத்தலில், சூதாட்டத்தில் ஈடுபடுவார்கள். உறவில் ‘இருந்தார்கள்’, ஒருவரை ஒருவர் ‘விரும்பினார்கள்’, ‘சேர்ந்து வாழ்ந்தார்கள்’. ‘அவன்’, ‘இவன்’ வேண்டாம். மற்ற செய்திகளில் கொடுக்கும் ‘அவர்’ இங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வயது வந்த ஆண் ஒருவர் சிறுவனைச் சீரழித்த செய்தியை ‘சிறுவனுடன் ஓரினச்சேர்க்கை’ என்று எழுதுவது. இதில் இரண்டு பேருக்கு அநியாயம் நடக்கிறது. சிறுவன் உடன்பட்டவன்போல் ஆகிறான். மனமொத்து வாழும் ஆண்களெல்லாம் குழந்தைகளுக்கு ஆபத்து என்றாகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிப்பதில்லை. ‘சிறுவன் மீது பாலியல் வன்கொடுமை’ என்பதுதான் செய்தி. வேறு சொல்லே இல்லை.

வாயில் வரும் தமிழ்

‘தன்பாலீர்ப்பு’ அச்சுக்கான சொல். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ‘அம்மா, நான் ஒரு தன்பாலீர்ப்பாளர்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. கதையும் வசனமும் எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். வாயில் வருவது இப்படி இருக்கும்: ‘எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி எதுவும் தோணலம்மா. பசங்க மேலதான் தோணுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்.’ அம்மா திருப்பிக் கேட்பதும் சொல்லைப் பற்றி இருக்காது: ‘யாராச்சும் உன்னை ஏதாவது பண்ணிட்டாங்களாடா?’ ஆலோசகர் அந்த அச்சத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: ‘யாரும் ஒண்ணும் பண்ணலைங்கம்மா. உங்க பையனுக்கு ஆண்கள் மேலதான் ஈர்ப்பு. இது நோய் இல்லைங்க, யாரோட தப்பும் இல்லைங்க.’ ஈர்ப்பு என்ற சொல் பேச்சிலும் உட்காரும். தன்பால் என்ற முன்னொட்டைத்தான் பேச்சு தாங்காது.

தன் ஈர்ப்பைப் பிறரிடம் சொல்லிவிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘கமிங் அவுட்’ என்று ஒரு தொடர் உண்டு. அதை ‘வெளியே வந்தான்’ என்று எழுதினால் சிறையிலிருந்தா, கழிவறையிலிருந்தா என்று தோன்றும். தமிழ் நண்பர்கள் கேட்டுக்கொள்வது ‘வீட்ல சொல்லிட்டியா?’ என்றுதான். ‘வீட்டில் சொல்லிவிட்டான்’ என்று எழுதுங்கள். சூழல் இருந்தால் முழுப்பொருளும் அதில் வந்துவிடும். அலுவலகம், நண்பர்கள் என்றால் ‘வெளிப்படையாகச் சொன்னார்’. ஒருவருடைய அனுமதியில்லாமல் பிறர் சொல்லிவிடுவதைக் ‘காட்டிக்கொடுத்தல்’ என்று எழுதுவதே பொருந்தும். அதன் கொடுமையும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

துணைக்கு ‘பார்ட்னர்’ என்று எழுதினால் கடைப் பங்காளி என்று நினைப்பவர் இன்னும் உண்டு. சுயமரியாதைத் திருமணங்கள் பழக்கப்படுத்திய ‘இணையர்’ நமக்குத் தயாராகவே இருக்கிறது. ஆண் பெண் பேதமும் அதில் இல்லை. அதே மரபிலிருந்துதான் சென்னையின் பேரணியும் தன் பெயரை எடுத்துக்கொண்டது. 2009இல் தொடங்கிய அந்த ஆண்டு நடையின் தமிழ்ப்பெயர் ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’. ஆங்கிலத்தின் ‘ப்ரைட்’ என்பதைப் பெருமை, கர்வம் என்று பெயர்த்திருந்தால் சொல் செத்திருக்கும். சுயமரியாதை என்றதும் இந்த மண்ணின் நூறாண்டுப் பேச்சோடு அது இணைந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் முட்டுப்படும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர்

இலங்கை வாசகருக்கு எழுதினால் ‘சமபாலீர்ப்பு’, ‘சமபாலுறவு’ என்பவை பழகிய சொற்கள். முன்னே சொன்ன ‘இன’ச் சிக்கல் அங்கே கூடுதல் என்பதால் ‘ஓரின’ இன்னும் பொருந்தாது. ஆனால் ‘உறவு’ உடலுறவையும் குறிக்கும், சொந்தத்தையும் குறிக்கும். ஆளைச் சொல்ல ஈர்ப்பையே எடுங்கள். அங்கே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, 365, 365ஏ பிரிவுகளோடு நிற்கிறது என்பதால், ‘சட்டம் மாறிவிட்டது’ என்ற இந்திய வாக்கியத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூரில் 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது. அதைப் பற்றிய பழைய தமிழ்ச் செய்திகளைத் தேட ‘ஓரினப் புணர்ச்சி’ என்றும் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் சட்டம் இன்னும் இருக்கிறது. அங்குள்ள ஒருவரைப் பற்றி எழுதுமுன் சொல்லைவிட அவருடைய பாதுகாப்பை யோசியுங்கள்.

தேடலும் திருத்தமும்

நள்ளிரவில் பயத்தோடு கைபேசியை எடுக்கும் பையனுக்குத் தன்பாலீர்ப்பு என்ற சொல் தெரியாது. அவன் தட்டச்சுவது ‘ஓரினச்சேர்க்கை’, ‘ஓரின சேர்க்கை’, ‘ஹோமோ’. நல்ல சொல்லை மட்டுமே வைத்துக் கட்டுரை எழுதினால், நல்ல கட்டுரை அவனுக்குக் கிடைக்காது. லேகியம் விற்பவரின் பக்கம்தான் கிடைக்கும். அதனால் கட்டுரையின் உடலில் ஓரிடத்தில் ‘முன்பு ஓரினச்சேர்க்கை என்று எழுதப்பட்டது’ என்று ஒரு வரி வையுங்கள். குறிச்சொற்களில் பழைய வடிவங்களை, ஒற்று விட்டதும் விடாததுமாக, இரண்டு விதத்திலும் சேருங்கள். தலைப்பில் மட்டும் வேண்டாம்.

பழைய கட்டுரைகளைத் திருத்துவதானால் மொத்தமாக மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, மேற்கோளா ஆசிரியர் கூற்றா என்று பிரித்து, கூற்றை மட்டும் மாற்றுங்கள். அடியில் எந்தச் சொல் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று குறியுங்கள்.

யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் கேட்பது எந்தப் பட்டியலுக்கும் மேலானது. ‘உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?’ என்று ஒரு கேள்வி போதும். அவர் ‘கோத்தி’ என்றால் கோத்தி, ‘கே’ என்றால் கே, ‘ஒண்ணும் போடாதீங்க, பேரு போதும்’ என்றால் பெயர். இரண்டு ஆண்டு கழித்து அதே ஆளிடம் மறுபடியும் கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம்.

அலுவலகச் சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கட்டம் வையுங்கள்: சொல், எங்கே எழுதலாம், எங்கே கூடாது, கடைசியாகப் பார்த்த தேதி. நான்காவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பட்டியலில் இருக்கும் சொற்களால் அழைக்கப்படுபவர்களில் இருவரையாவது உட்காரவைத்து வரிவரியாகப் படித்துக்காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர்கள் முகம் சுருங்குகிறதோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு ஏன் என்று கேளுங்கள்.